549 டாலர் அட்டை, 1,599 டாலர் அட்டைக்குச் சமமா?

2025ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் தேதி, அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த சிஇஎஸ் மின்னியல் கண்காட்சியில் என்விடியா நிறுவனத்தின் தலைமை நிர்வாகி ஜென்சன் ஹுவாங் ஒரு புதிய வரைகலை அட்டையை அறிமுகப்படுத்தினார். பெயர் ஆர்டிஎக்ஸ் 5070. விலை 549 அமெரிக்க டாலர். 2022 அக்டோபரில் 1,599 டாலருக்கு விற்பனைக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 4090 அட்டையின் செயல்திறனை இந்த அட்டை தரும் என்று அவர் மேடையில் சொன்னார். செயற்கை நுண்ணறிவு இல்லாமல் இது சாத்தியமில்லை என்றும் சேர்த்துச் சொன்னார்.

மூன்றில் ஒரு பங்கு விலைக்கு அதே வேகம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? கணினி விளையாட்டில் ஆர்வம் உள்ள மாணவர்கள் வகுப்பில் என்னிடம் அடிக்கடி கேட்பதும் இதுதான்: "டீச்சர், எந்த கிராபிக்ஸ் கார்டு நல்லது?"

நம் பணத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தந்தக் காலத்து நாணய மதிப்பில் 549 டாலர் என்பது ஏறக்குறைய 2,400 ரிங்கிட். 1,599 டாலர் என்பது ஏறக்குறைய 7,500 ரிங்கிட். நம் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025இல்தான் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. பீடோங்கிலோ பாடாங் செராயிலோ ஒரு தோட்டத் தொழிலாளி குறைந்தபட்சச் சம்பளம் வாங்கினால், மலிவான அட்டைக்கே ஒன்றரை மாத உழைப்புக்குச் சற்றுக் குறைவாகப் போய்விடும். விலையுயர்ந்த அட்டைக்கு நான்கு மாதத்துக்கும் மேல். ஆகவே, அந்த மேடைப் பேச்சு எந்த அளவுக்கு உண்மை என்று சோதித்துப் பார்ப்பது வீண் வேலை அல்ல.

அட்டை செய்யும் வேலை

கணினித் திரையில் நீங்கள் பார்ப்பது அசையும் படம் அல்ல. வேகமாக மாறும் அசையாப் படங்களின் வரிசை. ஒவ்வொரு படத்தையும் 'பிரேம்' என்கிறோம். ஒவ்வொரு பிரேமும் பல படப்புள்ளிகளால், அதாவது பிக்சல்களால் ஆனது.

சாதாரணத் திரையில் 1,920 × 1,080 = 2,073,600 படப்புள்ளிகள் உள்ளன. '4கே' திரையில் 3,840 × 2,160 = 8,294,400. சரியாக நான்கு மடங்கு. வினாடிக்கு 60 பிரேம் வேண்டுமானால், 4கே திரைக்கு வினாடிக்கு ஏறக்குறைய 498 மில்லியன் படப்புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட வேண்டும். ஒளி எங்கிருந்து வருகிறது, நிழல் எங்கே விழுகிறது என்பதும் அதில் அடங்கும்.

கணினியின் மையச் செயலி கெட்டிக்கார வேலையாள்தான். ஆனால், ஆயிரம் பால்மரங்களை அவர் ஒருவரே சீவ வேண்டும் என்றால் பொழுது ஏறிவிடும். நூறு பேரை ஆளுக்கொரு நிரையில் இறக்கிவிட்டால் வேலை சீக்கிரம் முடியும். வரைகலை அட்டை செய்வது அதைத்தான். ஆர்டிஎக்ஸ் 4090இல் 16,384 கணக்கிடும் அலகுகள் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. ஒவ்வொரு படப்புள்ளியையும் பெரும்பாலும் தனித்தனியாகக் கணக்கிடலாம் என்பதால்தான் இப்படி வேலையைப் பங்கிட முடிகிறது.

இரு அட்டைகளின் விவரங்கள்

ஆர்டிஎக்ஸ் 4090: 16,384 கணக்கிடும் அலகுகள், 24 ஜிகாபைட் நினைவகம், 450 வாட்.
ஆர்டிஎக்ஸ் 5070: 6,144 கணக்கிடும் அலகுகள், 12 ஜிகாபைட் நினைவகம், 250 வாட்.

நினைவகத்தின் வேகத்தை நீங்களே கணக்கிடலாம். 4090இன் நினைவகப் பாதை 384 பிட் அகலம். ஒவ்வொரு பிட் பாதையிலும் வினாடிக்கு 21 பில்லியன் பிட் செல்லும். இரண்டையும் பெருக்கி, 8 பிட் ஒரு பைட் என்பதால் 8ஆல் வகுத்தால் வினாடிக்கு 1,008 ஜிகாபைட் கிடைக்கும். 5070இல் 192 பிட் அகலம், 28 பில்லியன் பிட். விடை 672 ஜிகாபைட்.

அலகுகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்லக்கூடாது. புதிய தலைமுறை அட்டையின் ஓர் அலகு, பழையதைவிடச் சற்று அதிக வேலை செய்யக்கூடும். ஆனாலும் 6,144 எப்படி 16,384க்கு ஈடாகும்? இங்கேதான் செயற்கை நுண்ணறிவு வருகிறது.

கணக்கிட்ட பிரேம், ஊகித்த பிரேம்

இரண்டு அட்டைகளாலும் ஒரு வித்தை செய்ய முடியும். இரண்டு பிரேம்களை முறைப்படி கணக்கிட்டுவிட்டு, இடையில் என்ன படம் வந்திருக்கும் என்று செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஊகித்து நிரப்பும். 4090 ஒவ்வோர் இடைவெளியிலும் ஒரு பிரேமை ஊகிக்கும். அறிமுகமானபோது 5070 மூன்று பிரேம்கள் வரை ஊகித்தது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு போடுவோம். இரண்டு அட்டைகளும் திரையில் வினாடிக்கு 100 பிரேம் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். 4090 காட்டும் 100இல் 50 கணக்கிட்டவை, 50 ஊகித்தவை. 5070 காட்டும் 100இல் 25 மட்டுமே கணக்கிட்டவை, 75 ஊகித்தவை. எண் ஒன்றுதான். உள்ளே நடந்த வேலை ஒன்றல்ல.

நீங்கள் விசையை அழுத்தினால், அதன் விளைவு கணக்கிட்ட பிரேமில்தான் தெரியும். ஊகித்த பிரேமுக்கு உங்கள் விரல் என்ன செய்தது என்பது தெரியாது. வினாடிக்கு 50 என்றால் 20 மில்லிவினாடிக்கு ஒரு முறை புதிய கணக்கு. 25 என்றால் 40 மில்லிவினாடிக்கு ஒரு முறைதான். அதோடு, இடைப் படத்தை ஊகிக்க அடுத்த படமும் கையில் இருக்க வேண்டும். ஆகவே அந்த அடுத்த படத்தைச் சற்று நிறுத்திவைத்துத்தான் காட்ட முடியும். அதனால் கொஞ்சம் தாமதம் கூடுகிறது.

அப்படியானால் இது ஏமாற்று வேலையா? அப்படியும் சொல்ல முடியாது. மெதுவாக ஊர் சுற்றிப் பார்க்கும் விளையாட்டில் காட்சி உண்மையாகவே வழுவழுப்பாக நகரும், கண்ணுக்கு நன்மைதான். ஆனால், கண்ணிமைக்கும் நேரத்தில் குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் உங்களுக்குத் தேவை விரைவான எதிர்வினை. அதை ஊகித்த பிரேம் தராது.

2025 மார்ச்சில் 5070 விற்பனைக்கு வந்தபோது, சுதந்திரமாகச் சோதித்தவர்கள் இந்த வித்தையை இரண்டு அட்டைகளிலும் நிறுத்திவிட்டு ஒப்பிட்டார்கள். 4090 தெளிவாக முன்னே நின்றது.

நியாயமான சோதனை

தொடக்கப்பள்ளி அறிவியலில் படித்த மாறிகளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நாம் வேண்டுமென்றே மாற்றுவது தற்சார்பு மாறி. அதனால் மாறி, நாம் அளப்பது சார்பு மாறி. மாறாமல் வைத்திருப்பது கட்டுப்படுத்தப்பட்ட மாறி.

இரண்டு அட்டைகளை ஒப்பிடும்போது அட்டைதான் தற்சார்பு மாறி. பிரேம் எண்ணிக்கை சார்பு மாறி. மற்றவை அனைத்தும், அதாவது விளையாட்டு, அதில் ஓடும் காட்சி, திரையின் படப்புள்ளி எண்ணிக்கை, பட நேர்த்தி அமைப்பு, மையச் செயலி, ஊகிக்கும் வசதி ஆகியவை ஒன்றாகவே இருக்க வேண்டும். மேடையில் சொன்ன ஒப்பீட்டில் அட்டையும் மாறியது. ஊகிக்கும் பிரேம்களின் எண்ணிக்கையும் மாறியது. இரண்டு மாறிகளை ஒரே நேரத்தில் மாற்றினால், விளைவுக்கு எது காரணம் என்று எப்படிச் சொல்வது?

சராசரியை மட்டும் நம்பாதீர்கள்

காணொலி விமர்சனங்களில் 'சராசரி 60 பிரேம்' என்று பார்ப்பீர்கள். ஒரு வினாடியில் 60 பிரேம்கள் சீராக வந்தால், ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 16.7 மில்லிவினாடி. இப்போது வேறு மாதிரி யோசியுங்கள். 59 பிரேம்கள் தலா 10 மில்லிவினாடியில் வந்துவிட்டன, மொத்தம் 590. கடைசி ஒன்று மட்டும் 410 மில்லிவினாடி எடுத்துக்கொண்டது. இதுவும் ஒரு வினாடிக்கு 60 பிரேம்தான்! ஆனால், விளையாடுபவருக்குத் திரை அரை வினாடிக்குச் சற்றுக் குறைவாக உறைந்து நின்றிருக்கும்.

அதனால்தான் நல்ல விமர்சகர்கள் சராசரியோடு, மிக மெதுவாக வந்த 1 விழுக்காட்டுப் பிரேம்களின் வேகத்தையும் தனியாகக் காட்டுகிறார்கள். நினைவகம் போதாத அட்டையில் இந்த இரண்டாவது எண்தான் முதலில் சரியும். விளையாட்டுக்குத் தேவையான படத்தரவு 12 ஜிகாபைட்டைத் தாண்டினால், மிச்சத்தைக் கணினியின் பொது நினைவகத்திலிருந்து கொண்டுவர வேண்டும். அந்தப் பாதை மிகவும் மெதுவானது.

ஆலை பெரிது, லோரி சிறிது

மணிக்கு 60 டன் செம்பனைக் குலைகளை அரைக்கும் ஆலைக்கு, லோரிகள் மணிக்கு 20 டன்தான் கொண்டுவருகின்றன என்றால் ஆலை மணிக்கு எவ்வளவு அரைக்கும்? 20 டன்தான்.

கணினியிலும் அப்படியே. ஒவ்வொரு பிரேமிலும் என்ன நடக்க வேண்டும் என்பதை முதலில் மையச் செயலி தயாரித்துக் கொடுக்கிறது. பழைய செயலியால் வினாடிக்கு 70 பிரேமுக்குத்தான் தயாரிக்க முடியும் என்றால், 4090ஐப் பொருத்தினாலும் கணக்கிட்ட பிரேம் 70தான் வரும். திரையையும் மறக்காதீர்கள். 60 ஹெர்ட்ஸ் திரை வினாடிக்கு 60 முறைதான் படத்தைப் புதுப்பிக்கும். அட்டை 200 பிரேம் தயாரித்தாலும் கண்ணுக்கு வருவது 60 புதுப்பிப்புதான்.

கரண்டும் வெக்கையும்

4090 முழு வேகத்தில் 450 வாட் இழுக்கும். நாளுக்கு 4 மணி நேரம் என்றால் 1.8 யூனிட், 30 நாளுக்கு 54 யூனிட். ஒரு யூனிட் 50 சென் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், அட்டைக்கு மட்டும் மாதம் 27 ரிங்கிட். 250 வாட் அட்டைக்கு இதே கணக்கில் 15 ரிங்கிட்.

இந்த மின்னாற்றல் எங்கே போகிறது? ஏறக்குறைய முழுவதும் வெப்பமாக மாறி உங்கள் அறைக்குள்தான் வருகிறது. விமர்சனம் செய்பவரின் குளிரூட்டப்பட்ட அறை 22 பாகை செல்சியஸ், அட்டை 68 பாகை என்றால், வித்தியாசம் 46 பாகை. சுங்கை பட்டாணியில் மின்விசிறி மட்டும் ஓடும் உங்கள் அறை மதியத்தில் 32 பாகை. அதே சுமை, அட்டையின் விசிறி அதே வேகம் என்றால் அட்டை ஏறக்குறைய 78 பாகையைத் தொடும். வரம்பை நெருங்கினால் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே வெளிநாட்டு விமர்சனத்தில் வெப்பநிலையைப் பார்க்கும்போது, அறையின் வெப்பநிலையையும் தேடிப் பாருங்கள்.

மின்னோட்டத்தையும் கவனியுங்கள். 450 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 37.5 ஆம்பியர். 2,000 வாட் மின்கெண்டிகூட 230 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கும் குறைவாகவே எடுக்கும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால், தடையில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும். 4090 வெளிவந்த மாதத்திலேயே சிலருடைய மின்னிணைப்பிகள் உருகின. இணைப்பி முழுமையாக உள்ளே அழுத்தப்படாதது அதற்கு முக்கியக் காரணம் என்று பின்னர் தெரிந்தது. சரியாகத் தொடாத இடத்தில் தடை கூடும். தடை கூடினால் வெப்பம் கூடும்.

சோதனை நம் வட்டாரத்துத் தொழில்

4090இன் சில்லு தைவானில் தயாரானது. அதில் 76.3 பில்லியன் டிரான்சிஸ்டர்கள். வடிவமைப்பின்படி அந்தச் சில்லில் 18,432 கணக்கிடும் அலகுகள் உண்டு. ஆனால் 4090இல் இயங்குவது 16,384 மட்டுமே. இவ்வளவு பெரிய சில்லு ஒரு குறையும் இல்லாமல் வருவது கடினம். ஒவ்வொன்றையும் சோதித்து, பழுதான பகுதியை அணைத்துவிட்டு, மிச்சத்தைப் பயன்படுத்துகிறார்கள். சோதனை இல்லை என்றால் அந்தச் சில்லு குப்பைக்குத்தான் போகும்.

சில்லுகளைப் பொருத்திச் சோதிக்கும் இந்தத் தொழில் நமக்குத் தூரத்தில் இல்லை. 1972ஆம் ஆண்டு இண்டெல் பினாங்கில் ஆலை தொடங்கியது முதல் அது வடக்கு வட்டாரத்தில் வளர்ந்து வருகிறது. நம் கெடாவில் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. ஆஸ்திரியாவின் ஏடி அண்ட் எஸ் நிறுவனம் 2024இல் அங்கு திறந்த ஆலையில், சில்லுகளைத் தாங்கும் அடித்தட்டுகள் தயாராகின்றன. என்விடியாவின் போட்டியாளரான ஏஎம்டியின் தரவு மையச் செயலிகளுக்கு அவை போகின்றன. மாறியைக் கட்டுப்படுத்தி, அளந்து, பதிவு செய்து, முடிவு சொல்லும் பழக்கம் உள்ளவர்களுக்கு அங்கே வேலை இருக்கிறது.

வாங்கும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. விளம்பரத்தில் உள்ள பிரேம் எண்ணில் கணக்கிட்டது எத்தனை, ஊகித்தது எத்தனை?
2. எந்த விளையாட்டு, எத்தனை படப்புள்ளிகள், எந்தச் செயலி? என்னிடம் உள்ளதும் அதுதானா?
3. சராசரியைத் தவிர, மெதுவான 1 விழுக்காட்டின் வேகம் என்ன?
4. என் திரை எத்தனை ஹெர்ட்ஸ்? என் மின்வழங்கி எத்தனை வாட் தாங்கும்?
5. நான் விளையாடும் விளையாட்டுக்கு இதைவிட மலிவான அட்டை போதுமா?

இந்த வாரம் ஒரு விமர்சனக் காணொலியைத் தேர்ந்தெடுத்து, அதில் தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி எவை என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். கட்டுப்படுத்த வேண்டிய ஒன்றை விமர்சகர் விட்டிருந்தால் அதற்கு அடியில் ஒரு கோடு போடுங்கள். பிறகு அப்பா அம்மாவிடம் அந்தக் குறிப்பேட்டைக் காட்டிப் பேசுங்கள். "எல்லாரிடமும் இருக்கிறது, எனக்கும் வேண்டும்" என்று கேட்பதைவிட அதற்கு மதிப்பு அதிகம். பல நேரங்களில், இருக்கும் அட்டையே இன்னும் ஓர் ஆண்டுக்குப் போதும் என்பது அந்தக் குறிப்பேட்டிலேயே தெரிந்துவிடும்.