கிணற்றடி வாழை

யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை. மாரி மழை ஐப்பசியில் தொடங்கி மார்கழியோடு பெரும்பாலும் ஓய்ந்துவிடும். எஞ்சிய மாதங்களில் நாம் குடிப்பதும் குளிப்பதும் வுழூச் செய்வதும், சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் தேங்கி நிற்கும் மழைநீரைக் கிணற்றிலிருந்து அள்ளித்தான். இப்படிப்பட்ட நிலத்தில், தண்ணீரை அதிகம் வேண்டும் வாழை எப்படிச் செழிக்கிறது? நீர்வேலி, கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் தோட்டங்களில் அது இறைப்பினால் வளர்கிறது. நகரத்து வளவுகளிலோ, கிணற்றடியில் சிந்தும் தண்ணீரால் வளர்கிறது. இக்கட்டுரை இந்த இரண்டாவது வாழையைப் பற்றியது. இதற்குத் தோட்டம் வேண்டாம். கிணற்றடியில் இரண்டு பாகம் நிலம் போதும்.

வாழையை மரம் என்று சொல்கிறோம். தாவரவியல்படி அது மரமன்று, மிகப் பெரிய பூண்டு. நாம் தண்டு என்று பார்ப்பது, ஒன்றையொன்று சுற்றிய இலையடிகளால் ஆன போலித்தண்டு. உண்மையான தண்டு மண்ணுக்குள் கிழங்காக இருக்கிறது. குலை தள்ளும் காலத்தில்தான் அந்தக் கிழங்கிலிருந்து பூந்தண்டு போலித்தண்டின் நடுவால் ஏறி, பொத்தியாக வெளியே வருகிறது. ஒரு முறை குலை ஈன்ற தண்டு மறுமுறை ஈனாது. ஆனால் கிழங்கின் பக்கத்து முளைகளிலிருந்து குட்டிகள் எழும்பும். "வாழையடி வாழையாக" என்று திருமண வீட்டில் வாழ்த்துகிறோமே, அந்த வாழ்த்தின் பொருள் மண்ணுக்குள்தான் இருக்கிறது.

நாம் உண்ணும் வாழைப்பழத்தில் முளைக்கும் விதை கிடையாது. காட்டு வாழைகளில் கல்லுப் போன்ற விதைகள் நிறைய உண்டு. மனிதர் விதையற்றவற்றைத் தேர்ந்தெடுத்து, குட்டியைப் பெயர்த்தே பல்லாயிரம் ஆண்டுகளாகப் பரப்பி வந்துள்ளனர். ஆகவே உங்கள் வீட்டு இதரையும் அயல்வீட்டு இதரையும் தாயும் பிள்ளையுமல்ல, ஒரே செடியின் துண்டுகள். இதில் ஆபத்தும் உண்டு. ஒன்றை வீழ்த்தும் நோய் எல்லாவற்றையும் வீழ்த்தும். உலகச் சந்தையை ஆண்ட 'குறோ மிஷேல்' என்ற இனத்தை, மண்ணில் வாழும் ஒரு பங்கசால் வரும் பனாமா வாடல் நோய் 1960களுக்குள் வணிகத்திலிருந்தே அகற்றிவிட்டது. நம் நாட்டுக் கோழிக்கூடு வாழையும் அந்த வாடலுக்கு எளிதில் இரையாவதே. முதன்முதலாக நடுபவர்கள் கதலியையோ இதரையையோ தேடுவது நல்லது. கறிக்கென்றால் மொந்தன்.

இனிக் குட்டியைத் தெரிவு செய்வோம். தாயின் அடியில் இரண்டு விதமான குட்டிகள் நிற்கும். ஒன்று பார்வைக்கு அழகானது: சிறிய வயதிலேயே அகன்ற இலை விரித்திருக்கும், அடி மெலிந்திருக்கும். இதை நீர்க்குட்டி என்பர். மற்றது ஈட்டி போன்ற ஒடுங்கிய இலையும் பருத்த அடியும் கொண்டது. பலரும் முதலாவதைத்தான் ஆசையோடு கேட்டு வாங்குகிறார்கள். எடுக்க வேண்டியது இரண்டாவதை. நீர்க்குட்டிக்குத் தாயின் கிழங்கோடு பிணைப்புக் குறைவு. சொந்தக் கிழங்கும் சிறிது. அதனால் தன் இலையை நம்பி வாழப் பார்க்கிறது. ஈட்டி இலைக் குட்டியோ தாயிடமிருந்து உணவு பெற்றுக் கிழங்கைப் பருக்க வைத்திருக்கிறது. மூன்று நான்கு அடி உயரமானதும் தாய்க்கும் குட்டிக்கும் இடையில் அலவாங்கை இறக்கி, கிழங்கு சிதையாமல் பெயர்க்க வேண்டும்.

பெயர்த்த குட்டியை அப்படியே நடக்கூடாது. வேர்களை நறுக்கி, கிழங்கின் மேற்தோலை வெள்ளை தெரியும்வரை கத்தியால் சீவுங்கள். உள்ளே கறுத்த துளைகள் ஓடினால் கூன்வண்டின் புழு குடியிருக்கிறது என்று பொருள். அதை நடாமல் அழித்துவிடுங்கள். சுத்தமான கிழங்கைக் கொதிநீரில் முப்பது விநாடி அமிழ்த்தி எடுத்தால் வேரைத் தாக்கும் நுண்புழுக்கள் பெரும்பாலும் அழிந்துவிடும். முப்பது விநாடிக்கு மேல் விட்டால் குட்டியும் வெந்துவிடும்! மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இது.

இரண்டடி ஆழமும் அகலமும் கொண்ட கிடங்கு வெட்டி, மேல்மண்ணோடு நன்கு உக்கிய மாட்டெருவையும் கொஞ்சம் அடுப்புச் சாம்பலையும் கலந்து நிரப்பி நடுங்கள். வாழை பொட்டாசியத்தை விரும்பும். சாம்பலில் அது உண்டு. கிணற்றுக்கட்டிலிருந்து ஒரு சிறு வாய்க்கால் வெட்டிவிட்டால் குளித்த தண்ணீரும் வுழூச் செய்த தண்ணீரும் வீணாகாமல் அதற்குப் போகும். வெளுக்கும் தூள் கலந்த தண்ணீரை மட்டும் வேறு பக்கம் திருப்புங்கள். அடியில் தண்ணீர் தேங்கி நிற்கவும் விடக்கூடாது. கரையோர வளவுகளில் இன்னொரு தொல்லை, உவர். இலையின் விளிம்பு கருகிக்கொண்டே வந்தால் கிணற்றுநீர் உப்பேறிவிட்டது என்று கொள்ளலாம். சருகை வெட்டி எறியாமல் அடியிலே பரப்பினால் ஈரம் காக்கும்.

ஒரு குட்டி வளர்ந்து குலை தள்ளிப் பழமாக ஏறக்குறைய ஓராண்டு. ஹிஜ்ரி ஆண்டு 354 நாட்கள் என்பதால், இந்த நோன்பில் நட்டது அடுத்த நோன்பில் இப்தாருக்குப் பழம் தந்தாலும் தரலாம். ஸூரத்துல் வாகிஆவில் சொர்க்கத்துக் கனியாகக் கூறப்படும் 'தல்ஹ்' வாழையே என்று முஃபஸ்ஸிர்கள் பலர் விளக்கியுள்ளனர். தாவரவியலார் வாழைக்கு இட்ட 'மூசா' என்ற பெயரும் 'மவ்ஸ்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பர்.

அடியில் எத்தனை குட்டி விடுவது? தாய், மகள், பேத்தி என்று மூன்று தலைமுறை போதும். மீதியை வெட்டிவிட வேண்டும். இரக்கப்பட்டு எல்லாவற்றையும் வளரவிட்டால் புதராகும், குலை சிறுக்கும். குட்டி போதவில்லையென்றால் மட்டும் இன்னொரு வழி உண்டு: சீவிய கிழங்கின் நடுக்குருத்தைக் குறுக்காகக் கீறி, தும்புத்தூள் நிரப்பிய தொட்டியில் நிழலில் ஈரமாக வைத்தால், ஓரிரு மாதத்தில் உறங்கிக் கிடந்த முளைகள் பல கிளம்பும்.

பனை ஆளில்லாமலும் நிற்கும். வாழைக்கு ஆள் வேண்டும். 1990 ஒக்டோபர் 30 அன்று சோனகதெரு மக்கள் ஜின்னா மைதானத்தில் கூட்டப்பட்டு, இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டுப் போகுமாறு பணிக்கப்பட்டனர். அந்த மாதத்தில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் 70,000 பேருக்கு மேல். பல ஆண்டுகளின் பின் திரும்பியவர்கள் கண்டது இடிந்த சுவரும் தூர்ந்த கிணறும். பாய்ச்ச ஆளில்லாத வளவில் எந்த வாழை நின்றிருக்கும்? இன்று ஒரு வீட்டின் பின்பக்கம் பச்சையாக ஒரு குலை தொங்கினால், அங்கே கிணறு இறைபடுகிறது, அடுப்பு எரிகிறது என்று அர்த்தம். புத்தளத்திலேயே பிறந்து வளர்ந்து இங்கு வந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும்.

அப்படித் திரும்பி வந்து புதிதாக நடுபவர்கள் குட்டியை விலைக்கு வாங்குவதில்லை, தெரிந்தவர்களிடம் கேட்டு வாங்குகிறார்கள். கேட்டால் இல்லையென்று சொல்லாதது நம் ஊர் வழக்கம். ஆனால் அந்த அன்பளிப்போடு முடிக்கொத்து நோயும் வீடு மாறும். வைரசினால் வரும் இந்நோய் பிஜியில் 1889இல் கண்டறியப்பட்டது. இலங்கையில் 1913இல் பதிவாயிற்று. ஆஸ்திரேலியாவில் 1920களில் வாழைத் தோட்டங்களை இது அழித்தபோதுதான், நோயுள்ள குட்டியும் வாழையில் மொய்க்கும் அழுக்கணவன் பூச்சியுமே இதைப் பரப்புகின்றன என்று மகீ என்ற ஆய்வாளர் நிறுவினார். மருந்து இன்றுவரை இல்லை.

ஆகவே குட்டி கொடுப்பவரும் வாங்குபவரும் முதலில் தாயின் உச்சியைப் பார்க்க வேண்டும். புதிய இலைகள் ஒடுங்கிக் குறுகி, விரியாமல் கொத்தாக நிமிர்ந்து நிற்கின்றனவா? இலைக்காம்பிலும் நடுநரம்பிலும் கரும்பச்சை நிறத்தில் புள்ளியும் கோடுமாகத் தெரிகின்றனவா? அப்படியானால் அந்த அடியிலுள்ள எந்தக் குட்டியும் வேண்டாம், நலமாகத் தோன்றினாலும். முதலில் சவர்க்கார நீர் தெளித்துப் பூச்சியைக் கொல்லுங்கள். இல்லாவிட்டால் வெட்டும்போது அது அடுத்த வாழைக்குத் தாவும். பிறகு கிழங்கோடு முழுவதையும் தோண்டி, சிறு துண்டுகளாக வெட்டிக் காயவைத்து எரித்துவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் இலையொன்றைப் படம்பிடித்துக்கொண்டு கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டலாம். இலையையே கையில் கொண்டு போக வேண்டாம். அதில் அழுக்கணவன் ஒட்டியிருக்கும்.