தெரியும், ஆனால் தொடங்க முடியவில்லை

திருவனந்தபுரம் கோட்டைக்குள், பத்மநாப சுவாமி கோயிலுக்கு எதிரே மேத்தன் மணி என்றொரு பழைய கடிகாரம் உள்ளது. மணி அடிக்கும் ஒவ்வொரு வேளையும் தாடி வைத்த முகம் ஒன்று வாயைத் திறக்கும். இரு பக்கமும் உள்ள ஆட்டுக்கடாக்கள் வந்து அதன் கன்னங்களில் முட்டும். சாலைக் கடைவீதிக்குப் பொருள் வாங்கச் சென்ற நம்மில் பலர் அதைக் குழந்தைகளுக்குக் காட்டியிருப்போம். கைக்கடிகாரம் எல்லோரிடமும் இல்லாத காலத்தில், நேரத்தை நினைவில் வைத்திருக்கும் பொறுப்பை அந்தக் கடாக்கள் ஏற்றுக்கொண்டிருந்தன. இன்று எல்லோர் சட்டைப்பையிலும் கடிகாரம் இருக்கிறது. ஆயினும் யாரேனும் முட்டி எழுப்பினாலன்றி நேரம் போவதை உணர இயலாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

கரமனையில் குடியிருந்து கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் பணிபுரியும் 35 வயதுக்காரர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். கெட்டிக்காரர். ஒரு சிக்கல் பிடித்துப்போனால் சாப்பாட்டையும் மறந்து இரவு முழுவதும் அதிலேயே கிடப்பார். ஆனால் பத்து நிமிடத்தில் நிரப்பி அனுப்ப வேண்டிய பயணப்படிப் படிவம் நான்கு மாதங்களாக மேசையிலேயே கிடக்கும். மின்கட்டணம் செலுத்தக் கையில் பணம் இருக்கும். கடைசித் தேதியும் தெரியும். ஆயினும் வீட்டில் மின்சாரம் நிற்கும் நிலை வரும். மனைவி நினைவூட்டி அலுத்திருப்பார். ‘பொறுப்பில்லாதவன்’ என்ற சொல்லைச் சிறு வயது முதல் கேட்டுக் கேட்டு, இவரும் அதை நம்பத் தொடங்கியிருப்பார்.

ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு பெரியவர்களிடத்தில் பெரும்பாலும் இத்தகைய தோற்றத்தில்தான் இருக்கிறது. அங்குமிங்கும் ஓடும் சிறுவனை மட்டுமே நாம் அந்தப் பெயரோடு சேர்த்துப் பார்த்துப் பழகிவிட்டோம். 2024 மே மாதம், எர்ணாகுளம் மாவட்டத்தின் கோதமங்கலத்தில் குழந்தைகளுக்கான மறுவாழ்வு மையம் ஒன்றின் விழாவில் பேசிய நடிகர் ஃபகத் ஃபாசில், தமக்கும் இக்குறைபாடு இருப்பது 41 வயதில் கண்டறியப்பட்டதாகச் சொன்னபோது பலரும் வியந்தது அதனால்தான். ‘விக்ரம்’, ‘மாமன்னன்’ படங்களில் பார்வையை ஓரிடத்தில் நிறுத்தி நம்மை மிரள வைத்தவருக்கா கவனக்குறைவு? இந்த வியப்பிலேயே ஒரு தவறான புரிதல் ஒளிந்திருக்கிறது. இக்குறைபாடு உள்ளவர்களுக்குக் கவனம் இல்லாமல் போவதில்லை. அதை வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில் திருப்பும் பிடிதான் நழுவுகிறது. ஆர்வமோ, புதுமையோ, தலைக்கு மேல் வந்துவிட்ட அவசரமோ இருந்தால் அந்த மனம் பிறரைவிட வேகமாக ஓடும். அவை எதுவும் இல்லாத வேலையில், அது எவ்வளவு முக்கியமானதாயினும், வண்டி கிளம்புவதில்லை.

லண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் 1902இல் ஆற்றிய உரைகளிலேயே இத்தகைய குழந்தைகளைப் பற்றிய விவரிப்பு உண்டு. வளர்ந்தால் சரியாகிவிடும் என்ற எண்ணம் மட்டும் நெடுங்காலம் நீடித்தது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடு, பெரியவர்களுக்கான அளவுகோலைத் தனியே தளர்த்தி வகுத்தது: குறிப்பிட்ட அறிகுறிகளுள் ஐந்தேனும் இருக்க வேண்டும், சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். உலகளவில் பெரியவர்களுள் சுமார் 2.5 விழுக்காட்டினருக்கு இக்குறைபாடு இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. இது பெரிதும் பரம்பரையாக வருவது. மகளைப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்ற தந்தை, மருத்துவர் கேட்கும் கேள்விகளில் தம்மையே அடையாளம் கண்டு திகைப்பதும் உண்டு. துள்ளாமல், ஓடாமல், சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு அமைதியாக அமர்ந்திருந்த சிறுமிகளோ யார் கண்ணிலும் படாமலேயே வளர்ந்துவிடுகிறார்கள்.

அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி நீண்டகாலமாக வலியுறுத்தும் கருத்து ஒன்று நமக்கு மிகவும் பயன்படுவதாகத் தோன்றுகிறது. இவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும்; தெரிந்ததை உரிய நேரத்தில் செய்வதுதான் இடறுகிறது என்பது அவர் பார்வை. அப்படியானால் அறிவுரை எதற்கு உதவும்? தெரிந்ததையே மீண்டும் சொல்வதற்குத்தான் அறிவுரை என்று பெயர். உதவி செயல் நடக்கும் இடத்தில் இருக்க வேண்டும். கோட்டைக்குள் உள்ள அந்தக் கடாக்களைப் போல.

அலுவலகத்தில் இதற்குச் சிறு வழிகள் உண்டு. ‘அறிக்கையை முடி’ என்பதற்குப் பதிலாகக் ‘கோப்பைத் திறந்து தலைப்பை மட்டும் எழுது’ என்று முதல் அடியைக் கூசும் அளவுக்குச் சிறிதாக்கிக்கொள்ளலாம். தொடங்க முடியாத வேலையை நண்பர் ஒருவர் அருகில் அமர்ந்து தம் வேலையைப் பார்க்கும்போது செய்வது பலருக்கு எளிதாகிறது. அவர் உதவ வேண்டியதில்லை, இருந்தாலே போதும். 25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு என்று மணி வைத்துக்கொள்வதும் சிலருக்கு ஒத்துவருகிறது. ஆனால் எந்த உத்தியும் புதுமை தீர்ந்ததும் பல்லிளிக்கும் என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது நலம். அப்போது வேறொன்றுக்கு மாறுவது தோல்வியன்று. மேலாளரிடம் சொல்வதா என்பது அவரவர் முடிவு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஏ.டி.எச்.டி. பெயர் சொல்லி இடம்பெறவில்லை. எனவே பணியிடச் சலுகை என்பது இப்போதைக்கு எதிரில் இருப்பவரின் புரிதலைப் பொறுத்ததே. நோயின் பெயரைச் சொல்லாமலேயே ‘வாய்மொழியாகச் சொன்னதை ஒரு வரி மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்’ என்று கேட்கலாம். அதை யாரும் தவறாக எண்ணமாட்டார்கள்.

பணத்தின் பக்கம் வந்தால், மறதிக்கு இவர்கள் செலுத்தும் விலை ரூபாயிலேயே தெரியும். தாமதக் கட்டணம், இருப்பதை மறந்து மீண்டும் வாங்கிய பொருள், இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு ஓராண்டாகக் கட்டணம் செலுத்தும் ஓடிடி சந்தா. இங்கே மன உறுதியை நம்புவதைவிட வங்கியின் வசதிகளை நம்புவது புத்திசாலித்தனம். சம்பளம் வந்த மறுநாளே சேமிப்புத் தொகை தானாக வேறு கணக்குக்குச் செல்லுமாறு நிலையான அறிவுறுத்தல் தந்துவிடலாம். கார்டு, யூபிஐ வழியாக அவ்வப்போது தானாகக் கழியும் கட்டணங்களுக்கு ரூ.15,000 வரை ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவையில்லை. காப்பீட்டு பிரீமியம், மியூச்சுவல் ஃபண்டு, கிரெடிட் கார்டு பாக்கி ஆகியவற்றுக்கு இவ்வரம்பு ரூ.1 லட்சம். கழிக்கப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பும் வரும். கிரெடிட் கார்டுக்குத் தானியங்கிக் கழிப்பு அமைக்கும்போது குறைந்தபட்சத் தொகையைத் தேர்ந்தெடுத்துவிடாமல் முழுத் தொகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த ஓர் இடத்தில் அவசரப்பட்டவர்கள் வட்டியாக இழப்பது கொஞ்சமன்று. கார்டின் பில் தேதி சம்பள நாளுக்கு ஒத்துவரவில்லையெனில் அதை மாற்றித் தருமாறு கேட்க ரிசர்வ் வங்கியின் விதிகள் இடமளிக்கின்றன. கெடு கடந்து மூன்று நாட்களுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் விதிக்கலாம் என்பதும் விதியே. ஆனால் நான்காம் நாள் வந்துவிட்டால் கணக்கு கெடு நாளிலிருந்தே தொடங்கும்.

தானியங்கி முறைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. மறந்துபோன சந்தாக்களும் அதே வழியில்தான் சத்தமின்றிக் கழிகின்றன. மாதம் ஒருமுறை, வீட்டில் ஒருவருடன் அமர்ந்து, செயலியில் உள்ள அனுமதிகளின் பட்டியலைப் பார்த்து வேண்டாதவற்றை நீக்கிவிட வேண்டும். நள்ளிரவில் கைபேசியில் பொருள் வாங்கும் வேகம் உள்ளவர்கள், கார்டின் இணையப் பரிவர்த்தனையை நிறுத்திவைக்கவோ அதற்கு உச்சவரம்பு இடவோ 2020 அக்டோபர் முதல் வசதி இருப்பதை அறிந்திருக்கலாம். வேகத்துக்கும் வாங்குதலுக்கும் இடையே இரண்டு நிமிடத் தடை இருந்தாலே ஆசை பல நேரம் அடங்கிவிடும். பழைய வேலையில் தொடங்கி மறந்துபோன சம்பளக் கணக்கு ஏதேனும் உண்டா? இரண்டு ஆண்டுகள் பரிவர்த்தனை இல்லையெனில் அது செயலற்றதாகும். பத்தாண்டுகள் கடந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் நிதிக்குச் செல்லும். அப்போதும் உரியவர் கேட்டுப் பெறலாம். தேடுவதற்கு 2023இல் தொடங்கப்பட்ட உத்கம் இணையதளம் இருக்கிறது.

இக்குறைபாட்டை வரமென்றும் தனித்திறனென்றும் சமூக ஊடகங்களில் கொண்டாடுவதை நாம் ஏற்கவில்லை. கட்டணத்தைச் செலுத்த மறந்ததை ஒட்டி வீட்டில் எழும் சண்டையும், அதன்பின் வரும் குற்றவுணர்வும் வரமல்ல. நினைவூட்டுபவராகவே ஆகிவிட்ட துணையின் களைப்பையும் நாம் மறக்கலாகாது. அந்தப் பொறுப்பில் பாதியையேனும் கைபேசியின் மணிக்கும் சுவர் நாட்காட்டிக்கும் மாற்றிவிட்டால் மீண்டும் கணவன் மனைவியாகப் பேசிக்கொள்ள நேரம் கிடைக்கும்.

அதே வேளையில், இரண்டு நிமிடக் காணொளியைப் பார்த்துத் தமக்குத் தாமே நோய்ப்பெயர் சூட்டிக்கொள்வதும் சரியன்று. தூக்கமின்மை, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, பதற்றம் ஆகியவையும் கவனத்தைச் சிதறடிக்கும். பிரித்தறிவது மனநல மருத்துவரின் பணி. மெத்தில்ஃபெனிடேட், அட்டமோக்செட்டின் முதலிய மருந்துகளும், நடத்தை சார்ந்த உளவியல் சிகிச்சையும் பலருக்குத் தெளிவான பயன் தருகின்றன. மருந்தை மருத்துவர் சீட்டின்றி நண்பரிடமிருந்து வாங்கிச் சாப்பிடுவது ஆபத்து. திருவனந்தபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவையோ, 1870 முதல் இயங்கிவரும் ஊளம்பாறை மனநல மையத்தையோ அணுகலாம். முதலில் பேசிப் பார்க்க விரும்புவோருக்கு டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றிக் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம். கேரள அரசின் திசா உதவி எண் 1056. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய்க்கும் உடல்நோய்க்கு இணையாகக் காப்பீடு வழங்க வேண்டும் என்கிறது. எனினும் பல பாலிசிகள் உள்நோயாளிச் செலவை மட்டுமே ஏற்பதால், வெளிநோயாளி ஆலோசனைக்கு இடமுண்டா என்று புதுப்பிக்கும்போது கேட்டுக்கொள்வது நல்லது.

மருத்துவரைக் காணச் செல்லும்போது பழைய பள்ளி மதிப்பெண் அட்டைகள் கிடைத்தால் எடுத்துச் செல்லுங்கள். ‘கெட்டிக்காரன், ஆனால் கவனம் இல்லை’ என்று வகுப்பாசிரியர் அன்று எழுதிய குறிப்பு இன்று மருத்துவருக்குத் தேவைப்படும். அம்மாவோ அக்காவோ உடன் வந்தால் இன்னும் நல்லது. நாம் மறந்துவிட்டவை அவர்களுக்கு நினைவிருக்கும். முன்பதிவு நாளுக்கு முதல் நாள் மாலை ஒரு மணியும், புறப்பட வேண்டிய நேரத்துக்கு அரை மணி முன்பாக இன்னொரு மணியும் கைபேசியில் இப்போதே வைத்துவிடுங்கள்.