மஞ்சள் விளக்கு எரிந்தால் கொன்வேட்டரை மாற்ற வேண்டுமா?

தலவாக்கலையில் இருந்து நானுஓயாவுக்குப் போகும் ரயில் பாதையில் வட்டகொடை ஒரு சிறிய நிலையம். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். லயத்தில் ஒருவருக்கு இரவில் வருத்தம் என்றால் லிந்துலை வைத்தியசாலைக்கோ நுவரெலியாவுக்கோ கொண்டு போக வாகனம் வேண்டும். அந்தத் தேவையில்தான் என் பிழைப்பு நடக்கிறது. என் பெற்றோர் 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வவுனியாப் பக்கம் குடியேறியவர்கள். 2009இல் யுத்தம் முடிந்தபோது கணவர் இல்லை. முகாமில் இருந்து வெளியே வந்ததும் இரண்டு பிள்ளைகளோடு மாமியின் ஊரான இங்கு வந்து சேர்ந்தேன். இன்று பழைய சிறிய பெற்றோல் வான் ஒன்றை நானே ஓட்டுகிறேன். காலையில் பள்ளிப் பிள்ளைகள், மற்ற நேரம் நோயாளிகளும் சந்தைச் சாமான்களும்.

சென்ற வருடம் இந்த வானில் இயந்திரப் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது. பக்கத்து நகரக் கராஜ் ஒன்றில் கருவியைச் செருகிப் பார்த்தார்கள். பி 0420 என்று காட்டியது. "கொன்வேட்டர் போயிட்டுது அக்கா, மாத்தத்தான் வேணும்" என்றார்கள். சொன்ன தொகை ஒரு இலட்சத்து அறுபதாயிரம் ரூபாய். அவ்வளவு பணத்துக்கு நான் நுண்கடன் காரரிடம்தான் போக வேண்டும். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் அந்தக் கடன் எப்படிப்பட்டது என்று வன்னிச் சகோதரிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை. "காசு இல்லாட்டி உள்ளே இருப்பதை இடித்து எடுத்து விடுவோம்" என்று இன்னொரு வழியும் சொன்னார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வானை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கொன்வேட்டர் என்பது என்ன? இயந்திரத்துக்கும் சைலன்சருக்கும் இடையில் புகைக் குழாயில் இருக்கும் இரும்புக் கூடு. உள்ளே தேன்கூடு போல நுண்ணிய துளைகள் கொண்ட பீங்கான் கட்டி. அதன்மேல் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய விலை உயர்ந்த உலோகங்கள் மெல்லிதாகப் பூசப்பட்டிருக்கும். பாடசாலையில் படித்த ஊக்கிதான் இது. தான் கரையாமல், நச்சான காபன் மொனொக்சைட்டை காபனீரொட்சைட்டாகவும், எரியாத பெற்றோல் ஆவியை நீராகவும் காபனீரொட்சைட்டாகவும், நைதரசன் ஒட்சைட்டுகளை வெறும் நைதரசனாகவும் மாற்றுகிறது. சுமார் 300 பாகை வெப்பம் வந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கும். ஈயம் கலந்த பெற்றோல் இதற்கு விஷம். இலங்கையில் ஈயம் 2002இல்தான் நிறுத்தப்பட்டது.

தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மண்ணெண்ணெயில் வாகனம் ஓடியது பலருக்கு நினைவிருக்கும். சில துளி பெற்றோல் விட்டு உதைத்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தப் பழைய கார்களில் கொன்வேட்டரும் இல்லை, சென்சரும் இல்லை. புகையைத் தவிர வேறு கேடு தெரியவில்லை. இன்றைய வாகனத்தில் அந்த வித்தையைச் செய்தால் பிளக் கரி பிடிக்கும், எரியாத எரிபொருள் கொன்வேட்டருக்குள் போய் எரியும், பீங்கான் உருகியே விடலாம்.

ஹட்டனில் வாகன மின் வேலை செய்யும் ஒரு தம்பியிடம் பிறகு போனேன். அவர் முதலில் சொன்னது எனக்குப் பிடித்தது. அந்த இலக்கம் "கொன்வேட்டர் பழுது" என்று சொல்லவில்லையாம். கொன்வேட்டருக்குப் பின்னால் உள்ள ஒட்சிசன் சென்சர் எதிர்பார்த்த அளவைக் காட்டவில்லை, ஏன் என்று பார், என்று மட்டுமே சொல்கிறதாம். காய்ச்சல் அடிக்கிறது என்றால் அது மலேரியாவாகவும் இருக்கலாம், தடிமனாகவும் இருக்கலாம் அல்லவா?

சென்சர்கள் இரண்டு. கொன்வேட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இயந்திரம் சூடான பிறகு முன் சென்சரின் மின்னழுத்தம் 0.1க்கும் 0.9 வோல்ற்றுக்கும் இடையே விடாமல் ஏறி இறங்க வேண்டும். பின் சென்சர் 0.6, 0.7 என்று அமைதியாக நிற்க வேண்டும். பின்னதும் முன்னதைப் போலவே ஆடினால், கொன்வேட்டர் தன் வேலையைச் செய்யவில்லை என்று சந்தேகிக்கலாம். கைத்தொலைபேசியோடு இணைக்கும் சிறிய கருவியிலேயே இந்தக் கோடுகளைப் பார்க்கலாம். என் வானில் பின் கோடு பெரும்பாலும் அமைதியாக இருந்து, இடைக்கிடை மட்டும் திடீரென்று கீழே விழுந்தது. கொன்வேட்டர் செத்திருந்தால் இப்படி வராது, எங்கோ வெளிக்காற்று புகுகிறது என்றார் தம்பி.

காலையில் வான் குளிர்ந்திருக்கும்போது இயக்கி, குழாயின் மூட்டுகளைப் பார்த்தோம். புகைக் குழாயில் சிறு ஓட்டை இருந்தால் புகை வெளியே மட்டும் போகும் என்றுதான் நாம் நினைப்போம். புகை துடித்துத் துடித்து வருவதால், ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் வெளிக்காற்றை உள்ளேயும் இழுக்கும். அந்தக் காற்றிலுள்ள ஒட்சிசனைச் சென்சர் கண்டு குழம்பிவிடும். கொன்வேட்டரின் முன் மூட்டில் கறுப்புக் கரி ஒரு கோடாகப் படிந்திருந்தது. சவர்க்கார நீர் தெளித்தபோது நுரை பொங்கியது. கேஸ்கட் தீய்ந்திருந்தது. பிளக்குகளையும் கழற்றினோம், ஒன்றில் கரி. எங்கள் ஏற்றங்களில் முதல் கியரில் சுமையோடு ஏறும் வண்டிக்கு இது புதினமில்லை. கேஸ்கட், பிளக்குகள், கூலி எல்லாமாகப் பதினோராயிரம் ரூபாய் முடிந்தது. இலக்கத்தை அழித்து இரண்டு கிழமை ஓட்டினேன். விளக்கு வரவில்லை. அழிப்பது மட்டும் வைத்தியம் அல்ல. காரணம் இருந்தால் சில நாளில் திரும்பி வரும்.

எல்லோருக்கும் இப்படி மலிவாக முடியும் என்று நான் சொல்ல வரவில்லை. கொன்வேட்டர் உண்மையாகவே பழுதாவதும் உண்டு. ஏற்றத்தில் வண்டி மூச்சு முட்டுவது போல இழுக்காமல் நிற்பது அடைப்புக்கு அடையாளம். அதைக் கண்டுபிடிக்க முன் சென்சரைக் கழற்றி அந்தத் துளையில் அமுக்கமானி பூட்டிப் பார்ப்பார்கள். கூட்டைத் தட்டினால் உள்ளே கலகலவென்றால் பீங்கான் உடைந்திருக்கிறது. அப்போதும் ஏன் உடைந்தது என்று கேளுங்கள். ஓயில் எரியும் இயந்திரத்தில், பிளக் விட்டுவிட்டு எரியும் இயந்திரத்தில் புதியதைப் பூட்டினால் அதுவும் அதே வழியில் போகும்.

பழையதைக் கராஜில் சும்மா விட்டுவிட்டு வராதீர்கள். உள்ளே இருப்பது உலோகம். 2021இல் ரோடியம் தங்கத்தை விடப் பல மடங்கு விலை போனது. இடித்து எடுக்கச் சொல்பவர்களிடம் இடித்தது யாருக்குப் போகிறது என்று கேட்டுப் பாருங்கள். இடித்த வாகனம் புகைப் பரிசோதனையில் மாட்டிக்கொள்ளும். 2008இல் தொடங்கிய அந்தப் பரிசோதனையில் பெற்றோல் வாகனங்களுக்கு காபன் மொனொக்சைட்டையும் எரியாத ஐதரோகாபன்களையும்தான் அளக்கிறார்கள்.

விளக்கு அசையாமல் எரிந்தால் மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்க் காட்டலாம். மின்னி மின்னி எரிந்தால் எரியாத பெற்றோல் கொன்வேட்டருக்குள் கொட்டுகிறது என்று பொருள். உடனே ஓரம் கட்டி நிறுத்துங்கள். ஓரம் கட்டும்போது காய்ந்த மானாப் புல்லின் மேல் நிறுத்த வேண்டாம். அடியில் அந்தக் கூடு புல்லைப் பற்ற வைக்கும் அளவுக்குச் சூடாக இருக்கும்.