தறி வீட்டில், கணக்கு யாரிடம்?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பல வீடுகளில் தெருக்கதவைத் தாண்டியதும் கால் வைக்கும் இடம் தறியறைதான். தரையில் குழி, குழிக்குள் மிதிகட்டை, தலைக்கு மேலே ஜக்கார்டு, அதிலிருந்து தொங்கும் டிசைன் அட்டைகள். அடுப்படிக்குப் போவதும் பாய் விரித்துப் படுப்பதும் அந்தத் தறியைச் சுற்றித்தான். ‘வீட்டிலிருந்தே வேலை’ என்ற பேச்சு 2020 ஊரடங்கில்தான் நாடெங்கும் அடிபட்டது. காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பங்கள் அதன் சுகத்தையும் சுமையையும் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துவிட்டன. இப்போது அவர்களோடு இன்னொரு தரப்பும் சேர்ந்திருக்கிறது: சேலையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் போட்டு, வீட்டில் இருந்தபடியே விற்கும் பெண்கள்.

வீட்டுத் தறியின் நன்மையைக் குறைத்துப் பேச முடியாது. பஸ் செலவு கிடையாது, கடை வாடகை கிடையாது. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எழுந்து போய்ப் பார்க்கலாம். வெளியே போக முடியாத மாமியாரும் உட்கார்ந்த இடத்தில் ஊடை நூலைத் தார் சுற்றித் தருவார். வைகாசியில் வரதராஜப் பெருமாளின் கருட சேவையைப் பார்க்கப் புறப்பட யாரிடமும் லீவு கேட்க வேண்டாம். 2019-20ல் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 35 லட்சத்துக்கும் அதிகமான கைத்தறித் தொழிலாளர்கள் கணக்கில் வந்தார்கள்; நூற்றுக்கு 72 பேர் பெண்கள். தறி வீட்டுக்குள் இல்லாமல் இருந்திருந்தால் இவர்களில் பலர் சம்பாத்தியத்துக்கே வந்திருக்க முடியாது.

ஆனால் வீட்டுக்குள் நடக்கும் வேலைக்குச் சாட்சி இல்லை. மில்லில் வருகைப் பதிவேடு இருக்கும், சம்பளச் சீட்டு இருக்கும். இங்கே விடியற்காலை தொடங்கி விளக்கு வைத்த பிறகும் நெய்தாலும் அதை எழுதி வைப்பவர் யாரும் இல்லை. நெசவாளருக்காக இருக்கும் சட்டங்கள் கொஞ்சநஞ்சமில்லை. அவற்றைப் பயன்படுத்தக் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாததால்தான் பெரும்பாலான பணம் கைவிட்டுப் போகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் தெளிவாக வேண்டியது, நீங்கள் தொழிலாளியா, தொழில்முனைவோரா என்பது. பாவு (நெடுக்கு இழை), பட்டு, ஜரிகை எல்லாம் முதலாளி தருகிறார், டிசைனும் அவருடையது, சேலைக்கு இவ்வளவு கூலி என்று பேச்சு என்றால் நீங்கள் தொழிலாளி. தறி உங்கள் சொந்தத் தறி என்பதால் அது மாறிவிடாது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020, ‘வீடு சார்ந்த தொழிலாளி’ என்பவரைத் தனியாக வரையறுக்கிறது: முதலாளிக்காகத் தன் வீட்டில் கூலிக்குப் பொருள் செய்து தருபவர், கருவியும் மூலப்பொருளும் யார் கொடுத்தாலும் சரி. நூலை நீங்களே வாங்கி நெய்து விற்றால் நீங்கள் தொழில்முனைவோர். ஒரு தறி கூலிக்கு, இன்னொன்று சொந்தத்துக்கு என்று ஓட்டுபவர்கள் இரண்டும்தான். இந்தத் தெளிவு இல்லாததால், நஷ்டம் வரும்போது “உன் தொழில், நீ பார்த்துக்கொள்” என்பார்கள். லாபம் வரும்போது “உன் கூலி இவ்வளவுதான்” என்பார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996லேயே வீட்டு வேலைக்கென்று 177ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை.

கூலிக்கு நெய்பவருக்குத் தகராறு பெரும்பாலும் தராசில்தான் ஆரம்பிக்கும். ஒரு பாவில் பெரும்பாலும் மூன்று சேலை. குறுக்கே ஓடும் ஊடைப் பட்டு கிராம் கணக்கில் வரும், ஜரிகை ‘மார்க்’ என்ற அளவுக் கணக்கில் வரும். நெய்து முடித்து, அறுத்து எடுத்துப் போனால் சேலையை எடை போடுவார்கள். குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள். பட்டு காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் நூல். அதனால்தான் பட்டு வணிகத்தில் 11 சதவீத ஈரப்பதத்தை ஏற்றுக்கொண்டு எடைக் கணக்குப் போடுவது உலக வழக்கம். ஐப்பசி அடைமழையில் நிறுத்து வாங்கிய நூல், வெயில் காலத்தில் சேலையாகத் திரும்பும்போது எடை குறைந்து காட்டலாம். நெசவாளர் திருடவில்லை, ஈரம் போயிருக்கிறது. அதைச் சொல்ல, வாங்கிய நாளும் அன்றைய எடையும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

ஆகவே ஒரு நோட்டு போடுங்கள். தேதி, பாவின் எடை, பட்டின் எடை, ஜரிகை எத்தனை மார்க், பேசிய கூலி, திருப்பிக் கொடுத்த நாள், கையில் வந்த பணம், பிடித்தம் என்றால் எதற்காக. எடை போடும்போது தராசைப் போனில் படம் எடுங்கள். வீடு வந்ததும் முதலாளிக்கு இரண்டு வரி அனுப்புங்கள்: “ஐயா, இன்னைக்கு மூணு சேலைக்குப் பாவு வாங்கியிருக்கேன், பட்டு இவ்வளவு, கூலி இவ்வளவு.” அவர் பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை. போனில் இருக்கும் பதிவை உரிய சான்றிதழோடு நீதிமன்றத்தில் சாட்சியமாகக் காட்ட முடியும். பழைய போனை மாற்றும்போது அந்த உரையாடல்களை அழித்துவிடாதீர்கள்.

அடுத்தது கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று மூன்று நாடா ஓட்டி நெய்யும் கோர்வைச் சேலைதான் காஞ்சிபுரத்தின் பெருமை. அதை ஒருவர் தனியாக நெய்ய முடியாது. நெசவாளர் தறியில் உட்கார, மறுகரையின் நாடாவைத் தள்ள இன்னொருவர் பக்கத்தில் வேண்டும். கூலியோ சேலைக்கு ஒன்று. அதற்குள்தான் கோர்வை ஆளின் கூலியும் அடங்கும். அந்த ஆள் பெரும்பாலும் மனைவி. பாஸ்புத்தகத்தில் இருப்பது கணவர் பெயர். முன்பு அந்த இடத்தில் குழந்தைகள் உட்கார்ந்தார்கள். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு அடுத்தவர் தறிக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளைப் பற்றி 2003ல் வெளியான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை காஞ்சிபுரத்தையும் சேர்த்தே பேசியது. அந்தக் காலத்தைப் பெருமையாக நினைவுகூர எதுவும் இல்லை. இன்று 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை அடுத்தவர் தறியில் உட்கார வைத்தால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சொந்த வீடாக இருந்தாலும் பள்ளி நேரத்தில் பிள்ளையைத் தறிக்கு அழைக்கக் கூடாது. இரண்டு பேர் உழைப்புக்கு ஒரு கூலி பேசும்வரை இந்த ஆபத்து முழுதாக ஒழியாது. கூலி பேசும்போதே “கோர்வைக்கு எவ்வளவு?” என்று தனியாகக் கேளுங்கள், நோட்டில் தனியாகவே எழுதுங்கள்.

அட்வான்ஸ் விஷயம் இன்னும் கனமானது. கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ முதலாளியிடம் வாங்கிய முன்பணம் வெறும் கடனாக இருக்கும்வரை தவறில்லை. அந்தக் கடனைக் காட்டி, வேறு யாருக்கும் நெய்யக் கூடாது, நடப்புக் கூலியை விடக் குறைத்துத்தான் தருவேன் என்று கட்டிப்போட்டால் அது 1976ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். அப்படிப்பட்ட கடனைத் திருப்பிக் கட்ட வேண்டிய பொறுப்பே இல்லை என்கிறது சட்டம். அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் சுமையும் கடன் கொடுத்தவர் மேல்தான். மாவட்ட ஆட்சியரிடமோ வருவாய்க் கோட்டாட்சியரிடமோ மனுக் கொடுக்கலாம்.

சொந்தமாக நெய்து விற்பவருக்கு வருவோம். கடைக்குச் சரக்குக் கொடுத்துவிட்டு “ஆடி கழியட்டும், முகூர்த்த மாசம் வரட்டும்” என்ற பதிலைக் கேட்டபடி மாதக்கணக்கில் நடப்பது இவர்களின் பெரிய துயரம். 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் இதற்கு நேரான மருந்து. எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள், இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. புகாரை அரசு இணையதளம் வழியே, இந்தப் பாக்கிகளை விசாரிக்கும் வசதியாக்கல் மன்றத்துக்கு அனுப்பலாம். இதற்கு உத்யம் பதிவு வேண்டும். ஆதாரும் பான் எண்ணும் வேண்டும், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் இல்லை. சரக்குக் கொடுப்பதற்கு முன்பே பதிந்துவிடுங்கள். பாக்கி விழுந்த பிறகு பதிந்தால் வழக்கு சிக்கலாகும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சேலையை மொத்தமாக வாங்கி விற்கும் பெண்களும் 2021 ஜூலை முதல் உத்யமில் பதியலாம். ஆனால் வியாபாரிக்கு அதில் கிடைப்பது வங்கிக் கடனில் முன்னுரிமை மட்டுமே. 45 நாள் பாதுகாப்பு பொருளைத் தயாரிப்பவருக்குத்தான். கடனாகச் சரக்கு அனுப்பும் வியாபாரிப் பெண்கள் இதை நம்பி ஏமாந்துவிடக் கூடாது.

வாட்ஸ்அப் விற்பனையில் வரும் மோசடிகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். பணம் அனுப்பிவிட்டேன் என்று போலி ஸ்கிரீன்ஷாட் வரும். வங்கிக் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே பார்சலைக் கட்டுங்கள். “கியூஆர் கோடு அனுப்புறேன், ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் வந்துடும்” என்பார்கள். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் எப்போதும் தேவைப்படாது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

புது டிசைனைப் போட்டோ போடும் ஆசையிலும் ஒரு இழப்பு இருக்கிறது. 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி, ஏற்கெனவே வெளியான டிசைனைப் பதிவு செய்ய முடியாது. ஸ்டேட்டஸில் போட்ட மறுநாள் அதை விசைத்தறிக்காரர் எடுத்துக்கொண்டால் தடுப்பது கடினம். பதியத் தகுந்த டிசைன் என்று தோன்றினால் முதலில் காஞ்சிபுரம் நெசவாளர் சேவை மையத்தில் போய்க் கேளுங்கள், பிறகு படம் போடலாம்.

காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005ல் கிடைத்தது. வேறு ஊரில் நெய்த சேலையை அந்தப் பெயரில் விற்றால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. மொத்தக் கடைக்காரர் சொன்னதை நம்பி அப்படியே பெயர் போடும் வீட்டு வியாபாரிக்கும் இது ஆபத்து. யாரிடம் வாங்கினோம் என்ற பில் இல்லாமல் ‘காஞ்சிபுரம் கைத்தறி’ என்று எழுதாதீர்கள். மறுபக்கம், இங்கே உண்மையாக நெய்பவர் சென்னை கிண்டியில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ ஆகப் பதிந்துகொள்ளலாம். கூட்டுறவுச் சங்கங்களும் பெரிய கடைகளும் மட்டுமே உரிமை கொண்டாடும் பெயர் அல்ல அது.

வீடே தொழிற்கூடம் ஆகும்போது வீட்டைப் பற்றியும் சில செய்திகள். நெசவாளர் வீட்டில் ஓடும் கைத்தறிக்கு, வெளியாள் வைத்து நெய்தாலும், மின்கட்டணம் வீட்டுக் கட்டண விகிதத்தில்தான். 2023 முதல் கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம். வாடகை வீடென்றால், தறி போடவும் குழி எடுக்கவும் உரிமையாளர் சம்மதித்ததை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். தமிழ்நாட்டில் 2019 முதல் நடப்பிலுள்ள வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

வடகிழக்குப் பருவமழையில் குழிக்குள் நீர் ஊறும், பாவு நனையும், தெருவில் பாவு விரிக்கவும் முடியாது. அந்த நாட்களில் கூலி இல்லை. நனைந்த நூல் முதலாளியுடையது என்றால் அதுவும் உங்கள் தலையில் விழும். சாதாரண வீட்டுக் காப்பீடு தொழிலுக்கான சரக்கைக் காப்பதில்லை. 2021 ஏப்ரல் முதல் காப்பீட்டு நிறுவனங்கள் ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற பாலிசியைத் தருகின்றன. தீ, வெள்ளம் ஆகியவை அதில் அடங்கும். எடுக்கும்போது, அடுத்தவருடைய நூலும் உங்கள் வீட்டில் இருக்கிறது என்பதைச் சொல்லி எழுதச் செய்யுங்கள்.

கடைசியாக உடம்பு. குழித்தறியில் நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்தால் இடுப்பும் முழங்காலும் போகும், இழை பார்த்துப் பார்த்துக் கண் மங்கும். தமிழ்நாடு கைத்தறி மற்றும் கைத்தறிப் பட்டு நெய்யும் தொழிலாளர்கள் நல வாரியத்தில் 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதியலாம். ஓய்வூதியம், பிள்ளைகளின் கல்வி உதவி, மகப்பேறு உதவி, விபத்து இழப்பீடு ஆகியவை உண்டு. மத்திய அரசின் நெசவாளர் அடையாள அட்டை வாங்கினால், தேசியக் கைத்தறி மேம்பாட்டுக் கழகத்தின் வழியே நூலுக்கு 15 சதவீத மானியமும், நெசவாளர் முத்ரா கடனும் கேட்க வழி பிறக்கும். கோர்வை போடும் மனைவியும் தார் சுற்றும் அம்மாவும் அவரவர் பெயரிலேயே பதிய வேண்டும். கணவர் காலமான பிறகு, “இந்தம்மா நெசவாளர் என்பதற்கு ஆதாரம் எங்கே?” என்ற கேள்வியில் சிக்கி நிற்கும் பெண்கள் எத்தனையோ பேர்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள். ஆதார், வங்கிப் பாஸ்புத்தகம், எடை எழுதிய நோட்டு மூன்றையும் கையோடு கொண்டு போனால் மனு எழுதுவது எளிதாக இருக்கும்.