சொல் வந்த வழி – 9: கதிரை

சாவகச்சேரிப் பக்கம் ஒரு வீட்டுக்கு ஆள் வந்தால் "வாங்கோ, இருங்கோ" என்ற சொல்லோடு கூடவே ஒரு கதிரையும் இழுபட்டு வரும். கலியாண வீட்டுக்கு வாடகைக்கு எடுப்பது பிளாஸ்டிக் கதிரை. விறாந்தையில் அப்பு சாய்ந்திருப்பது சாய்மனைக் கதிரை. பாலர் பாடசாலை விளையாட்டுப் போட்டியில் பிள்ளைகள் சுற்றி ஓடுவது சங்கீதக் கதிரை. தமிழகத்தார் இதையே நாற்காலி என்கிறார்கள். கதிரை அந்நியச் சொல், எழுத்திலாவது அதைக் களைந்து நாற்காலியை வைப்போம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். கதிர் என்ற வேரிலிருந்து பிறந்த நம்முடைய சொல்தான் அது என்று மறுசாரார் அடம்பிடிக்கிறார்கள். முதற் சாரார் பிறப்பைச் சரியாகச் சொல்லித் தீர்ப்பைப் பிழையாகச் சொல்கிறார்கள். மறுசாரார் தீர்ப்பு சரி, சாட்சிதான் பொய்.

சொல்லின் மூலம் கிரேக்கத்துக் 'கதெத்ரா'. 'கீழே', 'இருக்கை' என்ற இரண்டு சொற்கள் சேர்ந்து உண்டானது. இலத்தீன் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. அங்கே அது முதுகு சாயும் இருக்கைக்கும், ஆசிரியர் அமர்ந்து பாடம் சொல்லும் ஆசனத்துக்கும், பின்னர் ஆயரின் ஆசனத்துக்கும் பெயரானது. ஆயரின் ஆசனம் இருக்கும் கோயில் என்பதால்தான் 'கதீட்ரல்' என்ற பெயரே வந்தது. இலத்தீனின் பிள்ளைகள் ஆளுக்கொரு விதமாக அதை உச்சரித்தன. போர்த்துக்கேயத்தில் 'கதெய்ரா' ஆயிற்று. பிரெஞ்சில் நடுவிலிருந்த தகர ஒலி தேய்ந்து போனது. தேய்ந்த அந்த உருவமே ஆங்கிலத்துக்குப் போய் 'சேர்' ஆயிற்று. ஸ்பானியத்திலோ 'கதேரா' என்றால் இடுப்பு. இருக்கையின் பெயர் இருப்பவரின் உடம்புக்குத் தாவிவிட்டது!

நம்முடைய கதிரைக்கு நடுவில் 'தி' இருக்கிறதே, அதுதான் கைரேகை. ஆங்கிலச் 'சேர்' அந்த ஒலியை முன்னரே தொலைத்துவிட்டது. ஒல்லாந்தர் இருக்கையை 'ஸ்டூல்' என்றார்கள். மிஞ்சுவது போர்த்துக்கேயம் ஒன்றுதான். போர்த்துக்கேயரின் பல்லொலி நம் வாயில் தகரமாகவே விழும் என்பதற்குத் தவறணையும் சப்பாத்தும் சாட்சி. ஆங்கிலேயரின் ஒலியோ டொக்டர், டிக்கெட் என்று டகரமாகும். அதே 'கதெய்ரா' கேரளத்தில் கசேர என்றும் வங்காளத்தில் கேதாரா என்றும் நிற்கிறது. கப்பல் தொட்ட கரைகளில் எல்லாம் சொல்லும் இறங்கியிருக்கிறது.

போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியது 1619 இல், ஒல்லாந்தரிடம் அதை இழந்தது 1658 இல். முப்பத்தொன்பது வருடத்தில் ஒரு சொல் இவ்வளவு ஆழமாக வேரோடுமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் அவர்களுடைய பாதிரிமார் ஆட்சிக்கு முன்பே வந்துவிட்டார்கள். ஆட்சி போன பிறகும், ஒல்லாந்தர் காலத்தில்கூட, கலப்புப் போர்த்துக்கேயம் இத்தீவில் பேச்சுமொழியாக நீடித்தது. கதிரை தனியாகவும் வரவில்லை. மேசை, அலுமாரி, யன்னல், குசினி, பாண் என்று ஒரு வீடே கூட வந்தது. இவை ஐந்துக்கும் வேர் இலத்தீன்தான்.

அப்படியானால் 'கதிர்' கட்சியின் கதை? கதிர்காமத்தைக் கதிரை என்பது நம் பழைய வழக்கம். கதிரைவேற்பிள்ளை என்ற பெயரில் இருப்பது அந்தக் கதிரைதான், மரக்கதிரை அல்ல. இரண்டும் ஒலியால் ஒத்தவை, உறவால் அல்ல. ஆனால் எனக்கு ஒன்று தோன்றுகிறது: வந்த சொல்லுக்கு ஏற்ற அச்சு ஏற்கனவே இங்கே வார்த்து வைக்கப்பட்டிருந்தது. கதெய்ரா அதில் சிரமமில்லாமல் உட்கார்ந்துகொண்டது. பிறமொழிச் சொல் என்ற கூச்சம் யாருக்கும் வராததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

தூய்மை பேசுபவர்களுக்கு இரண்டு பதில். நாற்காலி நல்ல சொல்தான். ஆனால் நாலு காலுள்ளது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லவில்லை. மேசைக்கும் நாலு கால்தான். கதிரையோ வேற்றுமை உருபு அத்தனையும் ஏற்று, கதிரைக்கால், கதிரைச் சண்டை என்று புதுச் சொற்களும் ஈன்றுவிட்டது. தேர்தல் வந்தால் கதிரைக்கு அடிபடுகிறார்கள் என்று நம் ஊர்ப் பத்திரிகைகள் எழுதும்போது, ஆசனத்தை அதிகாரமாகக் கண்ட அந்த இலத்தீன் பொருள், யாரும் சொல்லிக் கொடுக்காமலே, இங்கேயும் முளைத்து நிற்கிறது. இன்னொன்று, சாவகச்சேரி என்ற பெயரையே சாவகர், அதாவது கடல் கடந்து வந்த மலாய் நாட்டார், குடியிருந்த சேரி என்று விளக்குவோர் உண்டு. அந்த விளக்கத்தைப் பெருமையாகச் சொல்லும் வாயால் கதிரையை அந்நியம் என்று தள்ளுவது பொருந்தாது.

ஆகவே கதிரையைக் கதிரை என்றே எழுதுங்கள். கணக்குப் பார்த்தலைக் குறித்த ஓர் இலத்தீன் சொல், ஒல்லாந்தரின் கைபட்டு நம் கந்தோர் ஆன கதை அடுத்த கிழமை.