அப்பாவின் கடன் புத்தகம்

தோட்டத்துக் கடையில் அப்பாவுக்கு ஒரு கடன் புத்தகம் இருந்தது. மழை பெய்தால் பால்வெட்டு இல்லை; கூலியும் இல்லை. அரிசி, பருப்பெல்லாம் அதில் எழுதி வாங்கி, சம்பளம் வந்ததும் தீர்ப்போம்.

இன்று எனக்கும் தம்பிக்கும் மாதச் சம்பளம். கையில் வந்ததை அவன் உடனே செலவழித்துவிடுவான். எனக்கோ 50 வெள்ளி எடுக்கவே மனம் வராது. நாளைக்கு இருக்காது என்ற பயம்தான் இருவருக்கும்.

2024 மே முதல், 55 வயதுக்கு உட்பட்டோரின் ஊழியர் சேமநிதிச் சந்தாவில் 10 விழுக்காடு, எப்போதும் எடுக்கக்கூடிய கணக்கில் சேர்கிறது. அவன் சேரச் சேர எடுக்கிறான். மனைவி பல்வலியில் துடித்தபோதும் நான் தொடவில்லை. அதற்குச் சிக்கனம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

பிள்ளைகளிடம் வரவு செலவை வெளிப்படையாகப் பேசுங்கள். இல்லாவிட்டால் நம் பயத்தைத்தான் அவர்கள் கற்றுக்கொள்வார்கள்.