அந்திப் பழுப்பு வண்ணத்துப்பூச்சி

அந்திப் பழுப்பு என்பது நிம்பாலிடே குடும்பத்தைச் சேர்ந்த வண்ணத்துப்பூச்சி ஆகும். இதன் அறிவியல் பெயர் மெலானிட்டிஸ் லெடா. 1758-ஆம் ஆண்டு லின்னேயஸ் இதனை விவரித்தார். ஆப்பிரிக்கா முதல் ஆஸ்திரேலியா வரை பரவியுள்ள இவ்வினம் தமிழ்நாட்டில் எங்கும் காணப்படுகிறது. தருமபுரி மாவட்டம் ஒகேனக்கல் போன்ற இலையுதிர் காடுகளில் மரநிழலில் கிடக்கும் சருகுகளே இதற்கு ஏற்ற இருப்பிடம்.

விரித்த இறகுகளின் அகலம் 6 முதல் 8 செ.மீ. வரை இருக்கும். முன்னிறகின் மேற்புறத்தில், நுனியை அடுத்து, வெண்பொட்டுகளுடன் கூடிய கரும்புள்ளியும் அதை ஒட்டி ஆரஞ்சு நிறமும் உண்டு. ஆனால் அமர்ந்தவுடன் இறகுகளை மூடிக்கொள்வதால் இவ்வடையாளம் எளிதில் கண்ணில் படாது. பார்ப்பவருக்குக் கிடைப்பது அடிப்புறம் மட்டுமே. குழப்பம் தொடங்குவதும் அங்கேதான்.

மழைக்காலத்தில் அடிப்புறம் முழுவதும் நுண்ணிய பழுப்புக் கீற்றுகளும், விளிம்பை ஒட்டி வரிசையாகக் கண் போன்ற வட்டங்களும் தெளிவாகத் தெரியும். கோடையில் தோன்றுபவற்றில் அவ்வட்டங்கள் மறைந்து சிறு புள்ளிகளாகிவிடும். இறகின் நுனி கூர்மையாகி, பூச்சியே காய்ந்த இலை போல ஆகிவிடும். வைக்கோல் நிறம், செம்பழுப்பு, கரும்பழுப்பு என ஒவ்வொன்றும் ஒரு நிறம். புதிதாகப் பட்டியல் எடுக்கும் மாணவர்கள் இவற்றை இரண்டு மூன்று இனங்களாக எழுதிவிடுவதில் வியப்பில்லை. வளர்ந்த பூச்சி நிறம் மாறுவதில்லை. புழுப்பருவத்தில் அமைந்த வெப்பமும் ஈரமுமே எவ்வடிவம் என்பதை முடிவு செய்கின்றன. பருவம் மாறும் வாரங்களில் இரு வடிவங்களையும் ஒரே இடத்தில் காணலாம்.

பசுமைக்கு நடுவே பழுப்பு நிறம் ஒளிய முடியாது. அப்போது பறவையும் ஓணானும் தலை என்று எண்ணி விளிம்புக் கண்ணைக் கொத்தினால், இறகு கிழியுமே தவிர உயிர் தப்பும். சருகுகளுக்கு நடுவிலோ அக்கண்களே காட்டிக்கொடுத்துவிடும்.

பகலில் இது அசையாது கிடக்கும். நிழல் விழாதபடி ஒருபக்கமாகச் சாய்ந்துகொள்வதும் உண்டு. மிதிபடும் அளவு நெருங்கினால்தான் எழும். சில அடி தள்ளி மீண்டும் சருகில் இறங்கும். இறங்கிய இடத்தைக் கண்ணால் பிடித்து வைத்துக்கொள்வதே இதைத் தேடுவதற்கான வழி. பொழுது சாயும்போது சுறுசுறுப்படையும். சில வேளை விளக்கொளிக்கும் வரும். பூக்களை அதிகம் நாடாது. மரப்பிசினும், வௌவால் கடித்துப் போட்ட அத்திப்பழம் போன்ற அழுகிய கனிகளும் இதன் உணவு.

முட்டைகளைப் புல்லின் தாளில் இடும். பச்சைப் புழுவின் தலையில் இரு கொம்புகள் உள்ளன; நெற்பயிரையும் தின்பதால் உழவர்களுக்கு இது கொம்புப் புழு. கோடைப் பெண்பூச்சிகள் மழை பெய்து புல் துளிர்க்கும் வரை முட்டையிடாமல் காத்திருக்கும். அந்த மாதங்களில் காட்டுச் சருகுக்குத் தீ வைத்தால், அடுத்த தலைமுறையைச் சுமந்து காத்திருக்கும் பூச்சிகளும் சேர்ந்தே எரிகின்றன.